பதினெட்டு கிலோ கதவு

என் வலது தோளில் ஒரு பிளேட்டும் ஐந்து ஸ்க்ரூவும் இருக்கின்றன. இதை டாக்டர் சொல்லி நான் தெரிந்துகொள்ளவில்லை. முப்பத்தொரு வருடமாக ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள் நான். பஸ் படியில் வழுக்கி விழுந்து ஆபரேஷன் முடிந்த பிறகு, என் படத்தை நானே விளக்கில் மாட்டிப் பார்த்து, "இந்தக் கை இனிமே மார்புக்கு மேலே போகாது" என்று டாக்டருக்கு முந்திக்கொண்டு சொன்னேன். பாவம், ஆறுதல் சொல்ல வாயெடுத்தவர் அப்படியே மூடிக்கொண்டார்.

கை மேலே போகாதது எனக்குப் பெரிய விஷயமில்லை. தலை வாரிக்கொள்ள இடது கை பழகிவிட்டது. என் பிரச்சினை ஒரு கதவு.

எங்கள் நாடகக் குழுவில் பதினோரு பேர். யாருக்கும் நாடகம் தொழில் இல்லை. கூரியர் ஆபீஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று வாரம் முழுக்க ஆளுக்கொரு பக்கம் மாரடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் டயர் கடை மாடியில் கூடுகிறவர்கள். வருடம் பூராவும் லீவைச் சேர்த்துவைத்து, இரண்டு வாரம் ஒரு வேனில் ஒன்பது ஊர் சுற்றி ஒரே நாடகத்தைப் போட்டுவிட்டு வருவோம். மாடித் தரையில் மஞ்சள் டேப் ஒட்டியிருக்கும். ஒன்பது மேடைகளில் ஆகச் சிறியது எதுவோ, அதன் அளவு அது. அந்தக் கோட்டுக்குள் நடிக்கப் பழகிவிட்டால் எங்கேயும் நடிக்கலாம். கோட்டை மிதித்தால் டைரக்டர் விசில் ஊதுவாள். டைரக்டர் வேறு யாருமில்லை, என் கூடப்பிறந்த தங்கை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீடானாலும் மேடையானாலும் அவளைப் பொறுத்தவரை எதற்கும் ஒரே ஒரு விடைதான் இருக்க முடியும்.

இந்த வருட நாடகத்தை அவளே எழுதினாள். ரோடு போடுவதற்காக ஒரு பொம்பளையின் வீட்டைக் கேட்கிறார்கள். அவள் கொடுக்க மாட்டேன் என்கிறாள். மேடையில் நிலையோடு ஒரு கதவு, அவ்வளவுதான் வீடு. கடைசியில் வீடு போய்விடுகிறது. கதவை மட்டும் கழற்றி முதுகில் போட்டுக்கொண்டு அவள் நடக்கிறாள். அந்த வேஷத்தை எனக்காகவே எழுதினாள். எழுதி முடித்த இரண்டாவது மாதம் நான் பஸ் படியிலிருந்து விழுந்தேன்.

கதவு நிஜக் கதவு. இதில் எங்கள் மடத்தனம் ஒன்று இருக்கிறது. ஒரு வருடம் தெர்மாகோல் சுவர் வைத்து நாடகம் போட்டோம். மூன்றாவது ஊரில், "வீட்டை விட்டு வெளியே போ" என்று மகனைப் பார்த்துக் கத்திய அப்பாவின் மேல், மின்விசிறிக் காற்றில் வீடே வந்து சாய்ந்தது. ஜனங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து எல்லாம் நிஜ மரம், நிஜ இரும்பு என்று சபதம். அதன் பலன், வேனில் ஏறும் சாமான் கால் டன். கதவு மட்டும் பதினெட்டு கிலோ, கூரியர் ஆபீஸ் தராசில் நிறுத்துப் பார்த்தது.

அந்தக் கால் டன்னை ஏற்ற ஒரு விதி உண்டு. ஒவ்வொரு சாமானிலும் எண் எழுதியிருக்கும், ஆளுக்கொரு எண். புறப்படும் காலையில் அவரவர் சாமானை அவரவரே மாடியிலிருந்து இறக்கி வேனில் ஏற்ற வேண்டும். கதாநாயகனும் தூக்க வேண்டும், டைரக்டரும் தூக்க வேண்டும். யாரும் யாருக்கும் கை கொடுக்கக் கூடாது. எவருடைய சாமான் தரையில் நிற்கிறதோ, அவரும் தரையிலேயே நின்றுகொள்ள வேண்டியதுதான். மாடிப்படி முடியும் இடத்தில், தெருவில் போகிறவர்களுக்கும் தெரிகிற மாதிரி, சுவரில் சிவப்பு பெயிண்டில் கொட்டை எழுத்தில் இருக்கும்: தூக்காதவர் ஏற வேண்டாம்.

எழுதியது நான். பன்னிரண்டு வருடம் முன்பு, ஸ்டூல் மேல் ஏறி நின்று, இதே வலது கையால். விதியைப் போட்டவளும் நான்தான். தான் வெட்டின குழியில் தானே விழுவது என்றால் என்னவென்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

புறப்பட மூன்று வாரம் இருக்கும்போது ஏற்றும் ஒத்திகை நடந்தது. ஆமாம், நாங்கள் சாமான் ஏற்றுவதற்கும் ஒத்திகை பார்க்கிற ஆட்கள். தங்கை வாட்சைப் பிடித்துக்கொண்டு வேன் பக்கத்தில் நிற்பாள். பதினோரு நிமிடத்தில் எல்லாம் ஏறியிருக்க வேண்டும். என் எண் நான்கு. இடது கையால் கதவை அணைத்து, வலது கையைச் சும்மா ஒப்புக்கு வைத்துக்கொண்டு ஏழு படி இறங்கினேன். எட்டாவது படியில் கதவு என்னை விட்டுவிட்டுத் தானே இறங்கிப் போனது. டயர் வெடித்துவிட்டது என்று நினைத்துக் கடைக்காரர் வெளியே ஓடி வந்தார்.

"அக்கா, அடி பட்டுச்சா?" என்று தங்கை மேலே ஏறி வந்தாள்.

"யாருக்கு? எனக்கா, கதவுக்கா?"

அவள் சிரிக்கவில்லை. என் இடது கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப் போனாள்.

"இந்த வருஷம் நீ ப்ராம்ப்டிங் பாரேன். வசனம் முழுக்க உனக்கு மனப்பாடம். நாற்காலி போட்டு உட்கார்ந்துக்கலாம்."

ப்ராம்ப்டிங் என்பது திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, மறந்தவர்களுக்கு வசனத்தை முணுமுணுத்து எடுத்துக்கொடுக்கும் வேலை. ஆள் கிடைக்காமல் வருடா வருடம் மாறி மாறிப் பார்ப்போம். நல்ல வேலைதான். அதற்கென்று நான் பிறக்கவில்லை.

"யாருக்கு எழுதின வேஷம்டி அது?"

"உனக்குத்தான். உன் ரெண்டு கையையும் நம்பி எழுதினேன்."

"இப்ப ஒண்ணரை கை இருக்கு. அதுக்குத் தகுந்த மாதிரி மாத்தி எழுது."

"கதவைத் தூக்கிட்டுப் போறதுதான் அக்கா நாடகமே. அதை எப்படி மாத்துறது?" அவள் குரலைத் தாழ்த்தினாள். "அப்புறம், நான் மாத்தினாலும் கீழே சுவத்துல என்ன எழுதியிருக்குன்னு பாரு. உன் கையெழுத்துதான்."

வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவதற்கு உடன்பிறந்தவர்களைப் போல் வேறு யாருக்கும் கைத்திறமை கிடையாது.

அடுத்த ஞாயிறு என் வேஷத்தில் என் மருமகள் நின்றாள். நாடகத்தில் பக்கத்து வீட்டுக்காரியாக வருகிறவள் அவள். பிழைப்புக்குக் கூரியர் ஆபீசில் பார்சல் பிரிக்கிறாள். இருபது கிலோ மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனில் பேசக்கூடியவள். கடைசிக் காட்சியில் கதவைக் கழற்றி முதுகில் போட்டு, மஞ்சள் கோட்டுக்குள் அழகாக அரை வட்டம் அடித்து வெளியே போனாள். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. பொய் சொல்வானேன், என் மகன் கட்டிக்கொண்டு வந்தவள் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே எரிந்தது.

"இப்ப நான் செய்றேன்" என்று எழுந்தேன்.

தங்கை விசிலை வாயில் வைத்தாள். "அக்கா, வேண்டாம்."

"ஊதணும்னா ஊதிக்கோ."

கீலில் இருக்கும் ஊசிகளை உருவ இடது கையே போதும். உருவியதும் கதவு என் மேல் சாய்ந்தது. அதை முதுகில் ஏற்ற முடியாதென்று எனக்குத் தெரியும். மேல் மூலையை இடுப்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு, கீழ் மூலை தரையில் உரச, இழுத்தேன். மரத்தரையைக் கீறிக்கொண்டு கதவு வந்தது. பல் கூசும் சத்தம். நான்கு எட்டுக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினேன். அது நடிப்பில்லை, நிஜமாகவே வாங்கியது. மருமகள் பத்து வினாடியில் கடந்த தூரத்தைக் கடக்க எனக்கு ஒன்றரை நிமிடம் பிடித்தது. திரும்ப இடம் போதாமல் கதவின் வால் மஞ்சள் டேப்பைக் கிழித்துக்கொண்டு வந்தது. விசில் சத்தம் கேட்கவில்லை.

யாரும் கை தட்டவில்லை. எங்களுக்கு லைட் போடுகிற எலக்ட்ரீஷியன் ஸ்விட்சில் வைத்த கையோடு அப்படியே நின்றுவிட்டார். அணைய வேண்டிய விளக்கு அணையாமல் என் மூஞ்சியில் எரிந்துகொண்டிருந்தது.

"ஒண்ணரை நிமிஷம்" என்றாள் தங்கை. "நாடகம் நீளுது."

"நீளட்டும். வீட்டை இழந்துட்டுப் போறவ என்ன பஸ்ஸைப் பிடிக்கவா போறா?"

"நல்லா இருக்கு அக்கா. நான் இல்லைன்னு சொல்லல. நான் எழுதினதை விட நல்லா இருக்கு. ஆனா வேன்ல எப்படி ஏத்துவே? இழுத்து ஏத்த முடியாது, வேன் தரை இடுப்பு உயரம். உனக்கு ஒரு நியாயம் மத்தவங்களுக்கு ஒரு நியாயம்னு நான் எப்படிச் சொல்றது? பன்னிரண்டு வருஷமா காய்ச்சலோட கூடத் தூக்கியிருக்காங்க எல்லாரும்."

இப்போது விதியைக் குறை சொன்னால், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான் ஆகும். வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அன்று மாலை சமையலறையில் மருமகள் பாத்திரம் துலக்க, நான் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அத்தை, அந்த விதி எதுக்குப் போட்டீங்க?"

"எல்லாரும் சமம்னுதான்."

"மேனேஜரைத் துரத்தத்தான்னு எலக்ட்ரீஷியன் அண்ணன் சொல்றாரே?"

மேனேஜர் பாங்கில் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர். பன்னிரண்டு வருடம் முன்புவரை அவர்தான் எங்கள் கதாநாயகன். குரல் என்றால் அப்படி ஒரு குரல். கடைசி வரிசையில் தூங்குகிறவன்கூட எழுந்து உட்காருவான். ஆனால் சாமான் ஏற்றும் நேரம் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். ஒரு தடவை கேட்டதற்கு, "நான் நடிகன், கூலி இல்லை" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அடுத்த வாரமே விதியைப் போட்டேன், சுவரில் எழுதினேன். எல்லாரும் ஆரவாரம் செய்தார்கள். புறப்படும் காலையில் அவர் எண் எழுதிய இரும்புப் பெட்டி தரையிலேயே நின்றது. பக்கத்தில் அவரும் நின்றார். வேன் போய்விட்டது.

அதன் பிறகு அவர் மாடி ஏறவில்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் நாங்கள் புறப்படும் காலையில், எதிர்ப்பக்கம் மருந்துக் கடை வாசலில் குடையை ஊன்றிக்கொண்டு நிற்பார். வேன் தெரு முனை திரும்பும் வரை பார்ப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார்.

இதுவரைக்கும் எல்லாருக்கும் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது. ஆறு வருடம் முன்பு அவர் எக்ஸ்ரேக்கு வந்தார். முதுகு. எடுத்தது நான். "மூச்சை இழுத்துப் பிடிங்க", "விடுங்க" என்பதைத் தவிர எங்களுக்குள் பேச்சில்லை. படத்தைப் பார்த்தேன். முதுகெலும்பில் ஒன்று நசுங்கி, நசுங்கினபடியே ஆறிப்போயிருந்தது. ஆறி இருபது வருடமாவது ஆகியிருக்கும். படம் பார்த்தே பழுத்த கண் என்னுடையது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த முதுகோடுதான் அந்த மனிதர் மேடையில் ராஜா மாதிரி நிமிர்ந்து நின்றிருக்கிறார். தூக்க முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை, கூலி இல்லை என்று சொல்ல மட்டும் வந்திருக்கிறது. வீம்பு. எனக்கு மட்டும் அது என்ன குறைச்சலா?

ஒருவருடைய படத்தில் பார்த்ததை வெளியே பேசக் கூடாது என்பது எங்கள் வேலையின் சட்டம். நல்ல சட்டம். அதற்குப் பின்னால் ஆறு வருடம் நான் ஒளிந்துகொண்டேன். ஊரிடம் பேசத்தான் தடை, அவரிடமே போய் இரண்டு வார்த்தை பேச எந்தச் சட்டமும் என்னைத் தடுக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

"என்ன அத்தை, பதிலைக் காணோம்?"

"ஆமா. அவரைத் துரத்தத்தான் போட்டேன்."

மருமகள் குழாயை மூடினாள். "அப்ப உங்களுக்கு மட்டும்னு அதை மாத்தாதீங்க. மாமியார் உடைச்சா மண்குடம், மருமகள் உடைச்சா பொன்குடம்னு நானே முதல்ல பேசுவேன். உடைக்கிறதுன்னா எல்லாருக்கும் சேர்த்து உடைங்க."

"உடைச்சா உன் வேஷம் போயிடுமே."

"எனக்கும் அது வேணும்தான், ஏன் வேண்டாம்? ஆனா நான் தூக்கினப்ப பார்சல் ஏத்துற மாதிரிதான் இருந்துச்சு. எனக்கே தெரிஞ்சுது. அடுத்த வருஷம் எனக்குன்னு ஒண்ணு எழுதச் சொல்லுங்க உங்க தங்கச்சியை."

அவள் வாய்க்கொழுப்பு எனக்குப் பிடித்திருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

புறப்படும் நாள் காலை ஏழு மணிக்கு டயர் கடை வாசலில் வேன் வந்து நின்றது. எண் ஒன்றும் இரண்டும் மூன்றும் இறங்கி வந்து ஏறின. எதிர்ப்பக்கம் மருந்துக் கடை வாசலில் குடை தெரிந்தது.

"நாலு" என்றாள் தங்கை, என்னைப் பார்க்காமல்.

கதவை இழுத்துக்கொண்டு இறங்கினேன். படிக்குப் படி டமார் டமார் என்று விழுந்தது. இந்தத் தடவை நான் கீழே, கதவு மேலே. நழுவினால் என் மேல்தான் நழுவ வேண்டும். அடி மேல் அடி வைத்தால் அம்மியே நகரும், கதவுக்கு என்ன வந்தது? இருபத்திரண்டு படியும் இறங்கினேன். நடைபாதையில் நீளமாக ஒரு கீறல் விழ, வேனின் பின்பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்தேன். வேன் தரை என் இடுப்புக்கு நேராக இருந்தது. அதற்கு மேல் என்னால் ஒன்றும் ஆகவில்லை.

பத்துப் பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தரும் அசையவில்லை. எலக்ட்ரீஷியன் இரண்டு கையையும் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டார், தன்னையறியாமல் நீண்டுவிடுமோ என்ற பயம். விதி அவ்வளவு நன்றாக வேலை செய்தது.

"அக்கா, அஞ்சு நிமிஷம் ஆச்சு" என்றாள் தங்கை. கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

"ஆகட்டும். அந்த வாட்சை உள்ளே வை, நான் பேசணும்." எனக்கு உடம்பெல்லாம் கோபம். யார் மேல் என்று கேட்டால், ஸ்டூல் மேல் நின்று பெயிண்ட் அடித்த அந்தப் பழைய பொம்பளை மேல். "எல்லாரும் கேட்டுக்கோங்க. இந்த விதியை நான் சமம்னு போடல. ஒரு மனுஷனை வெளியே தள்ளணும்னு போட்டேன். அவர் ஏன் தூக்கலைன்னு ஒரு வார்த்தை நான் கேட்கல. இன்னைக்குத் தனக்கு முடியலைன்னதும் இவ நியாயம் பேசறான்னு நினைப்பீங்க. ஆமா, எனக்கு முடியாமப் போனப்புறம்தான் புத்தி வந்துச்சு. அதனால விதி நல்ல விதி ஆயிடாது. இந்தக் கதவை நான் தூக்க மாட்டேன், என்னால முடியாது. நாற்காலியிலயும் உட்கார மாட்டேன், அதுவும் என்னால முடியாது. ஒன்பது ஊர்லயும் இதை இழுத்துக்கிட்டுத்தான் போகப் போறேன். நான் வரக் கூடாதுன்னா, யாராவது வந்து என்னை இறக்குங்க."

சொல்லிவிட்டு வேனுக்குள் ஏறி உட்கார்ந்தேன். பன்னிரண்டு வருடத்தில் வெறுங்கையோடு அந்த வேனில் ஏறிய முதல் ஆள் நான். கதவு கீழே நின்றது.

யாரும் என்னை இறக்க வரவில்லை. மருமகள் வந்து கதவின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். தனியாகவே தூக்கிப் போட்டிருப்பாள், ஆனால் போடவில்லை.

"அண்ணே, அந்தப் பக்கம் பிடிங்க" என்றாள்.

எலக்ட்ரீஷியனின் கைகள் பாக்கெட்டிலிருந்து வெளியே வந்தன. கதவு ஏறி என் காலடியில் படுத்தது.

தங்கை நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு கைப்பையைத் திறந்து, டீச்சர் பையில் எப்போதும் கிடக்கும் சாக்பீஸை எடுத்தாள். நேராகச் சுவரிடம் போனாள். எட்டவில்லை. எம்பி எம்பிக் குதித்து, தப்பான கணக்கை அடிக்கிற மாதிரி, என் கொட்டை எழுத்துகளின் குறுக்கே இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை கோடு கிழித்தாள்.

"திரும்பி வந்து பெயிண்ட் அடிச்சு மறைச்சுக்கலாம்" என்று கையைத் தட்டிக்கொண்டாள். "அஞ்சு! யாரு அஞ்சு? யாராவது கூடப் போய்ப் பிடிங்க."

எனக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. இறங்கி ரோட்டைத் தாண்டினேன்.

"மேனேஜர் சார், வந்து வேன்ல ஏறுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்னால எதையும் தூக்க முடியாதும்மா." இந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன்.

"தெரியும்."

"படத்தைப் பார்த்தப்பவே தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சுது."

"ஆறு வருஷம்."

"ஆறு வருஷம் பேசாம இருந்துட்டேன். தப்பு என்னுதுதான். நீங்களும் கூலி அது இதுன்னு பேசாம விஷயத்தைச் சொல்லியிருக்கலாம்."

"இப்ப மன்னிப்புக் கேட்கறியா, சண்டை போடறியா?"

"ரெண்டும்தான். எனக்கு வேற மாதிரி வராது. ஏறுங்க, ப்ராம்ப்டிங் நாற்காலி காலியா இருக்கு."

"ப்ராம்ப்டிங்கா?" அந்தக் குரல். மருந்துக் கடைக்காரர் தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தார். "நான் உட்கார்ந்து முணுமுணுக்கணுமா?"

"இந்த வருஷம் முணுமுணுங்க. அடுத்த வருஷம் கத்தலாம். முதல்ல வீட்டுக்குப் போய்த் துணிமணி எடுத்துட்டு வாங்க, வேன் நிக்கும்."

அவர் பின்னால் திரும்பி, கடை பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை வெளியே நகர்த்தினார். சக்கரம் வைத்த சின்னப் பெட்டி. ரோட்டின் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியாது.

"இது... இன்னைக்கு மட்டுமா, எல்லா வருஷமுமா?" என்றேன்.

"இதை இழுக்கலாம். தூக்க வேண்டியதில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு, பெட்டியைக் கடகடவென்று இழுத்துக்கொண்டு எனக்கு முன்னால் ரோட்டைத் தாண்டினார். எனக்குக் கண் கலங்கியது. கலங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வேனருகே போனவர் பின்பக்கம் வரவே இல்லை. முன்கதவைத் திறந்து டிரைவர் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அது வருடா வருடம் டைரக்டர் உட்காரும் இடம்.

"சார், அது என் சீட்டு" என்றாள் தங்கை.

"பின்னாடி உட்கார்ந்தா முதுகு தாங்காதும்மா" என்றார் அவர், வேறு விடையே இல்லாத கணக்கு மாதிரி.

தங்கை வாயைத் திறந்தாள், சுவரைப் பார்த்தாள், மூடினாள். பின்னால் வந்து கதவைத் தாண்டி என் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வேன் கிளம்பியது. மருந்துக் கடை வாசலில் யாரும் நிற்கவில்லை. அவள் மடியில் நாடகப் பிரதியை விரித்து, கடைசிப் பக்கத்தில் பென்சிலை வைத்தாள்.

"கடைசி சீன், ஒண்ணரை நிமிஷம்" என்றாள். "எழுதிக்கறேன்."

"ரெண்டுன்னு எழுது" என்றேன். "எனக்கு அவசரமில்லை."